செமி டபுள்: பூவுக்கும் திருநாளுக்கும் ஒரே பேர், கேட்டுக்கிட்டே இருக்கிற கேள்விகள்

எங்க பக்கம், அதாவது நாகர்கோவில்ல இருந்து களியக்காவிளை வரைக்கும், பூவும் கோயிலும் இல்லாம ஒரு வாரம் ஓடாது. தோவாளை பூச்சந்தையில பூ எடுக்கிறவங்க "செமி டபுள் சம்பங்கின்னா என்ன"ன்னு கேக்காங்க, கோயில்ல (நாங்க கத்தோலிக்க சர்ச்சைத்தான் கோயில்ங்கோம்) பழைய லத்தீன் பூசைப் புத்தகத்தைப் புரட்டுன பிள்ளைங்க "செமிடூப்ளெக்ஸ்னு போட்டிருக்கே அது என்ன"ன்னு கேக்காங்க. ரெண்டு கூட்டமும் ஒரே வார்த்தையைத்தான் கேக்குதுன்னு பாதி பேருக்குத் தெரியாது. அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிருக்கேன், வேணுங்கிறதை மட்டும் படிச்சாலும் போதும்.

சுருக்கமா சொல்லுங்க, செமி டபுள்னா என்ன?

பூவுல சொன்னா, ஒத்தைப் பூவை விட இதழ் கூட இருக்கும், ஆனா முழு அடுக்குப் பூ அளவுக்கு இருக்காது, நடுவுல மகரந்தத் தாள் இன்னும் கண்ணுக்குத் தெரியும். கத்தோலிக்க திருநாள் கணக்குல சொன்னா, ரோமன் முறை நாட்காட்டியில பழைய காலத்துல இருந்த ஒரு தரம், சிம்பிளுக்கு மேல, டபுளுக்குக் கீழ. 1955-ல அந்தத் தரத்தையே எடுத்துட்டாங்க, பூவுல மட்டும் அந்தப் பேர் இன்னைக்கும் நடப்புல இருக்கு.

ரெண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

டூப்ளெக்ஸ்ங்கிற லத்தீன் வார்த்தை மட்டும்தான் சம்பந்தம். ரெட்டைன்னு அர்த்தம். பூவுல ரெட்டிக்கிறது இதழ், திருநாள்ல ரெட்டிக்கிறது செபத்துல வாற ஒரு சின்ன வரி, அதை கீழ விவரமா சொல்றேன். டபுள் திருநாளுக்கு டபுள் பூ வெச்சதால அந்தப் பேர் வந்துச்சுன்னு சிலபேர் வாட்ஸ்அப்ல அனுப்புறாங்க, அது சரியில்ல, தயவுசெஞ்சு மறைக்கல்வி வகுப்புல பிள்ளைங்களுக்கு அப்படிச் சொல்லிக் குடுக்காதீங்க. நிஜ விளக்கமே கேக்க நல்லாத்தான் இருக்கு.

பூவைப் பார்த்து ஒத்தையா, செமி டபுளா, டபுளான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

முதல்ல நடுவைப் பாருங்க, இதழை எண்ண ஆரம்பிக்காதீங்க. மஞ்சளா மகரந்தத் தாள் கொத்து தெளிவா இருந்து சுத்தி ஒரே வரிசை இதழ்னா ஒத்தை. ரெண்டு மூணு வரிசை இதழ் இருந்தும் நடுவுல அந்தக் கொத்து தெரிஞ்சா செமி டபுள். நடுவே தெரியாம உள்ள வரைக்கும் இதழாவே இருந்தா டபுள், நம்ம ஊர்ல அடுக்குன்னு சொல்றது அதைத்தான்.

ரோஜாவுல மட்டும் எண்ணிக்கை வெச்சிருக்காங்க. அமெரிக்க ரோஜா சங்கத்தோட கணக்குல 4-ல இருந்து 8 இதழ் வரைக்கும் ஒத்தை, 9-ல இருந்து 16 வரைக்கும் செமி டபுள், 17-ல இருந்து 25 வரைக்கும் டபுள், அதுக்கு மேல போனா ஃபுல், வெரி ஃபுல்னு வேற பேர். காட்டு ரோஜாவுக்கு பெரும்பாலும் அஞ்சே இதழ்தான், மீதி எல்லாம் மனுசன் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்தது. இது புதுசா வந்த பழக்கம்னு நினைக்காதீங்க, கிரேக்க நாட்டுல தியோஃப்ராஸ்டஸ் சுமார் 2300 வருசத்துக்கு முன்னாடியே இதழ் நிறைஞ்ச ரோஜாவைப் பத்தி எழுதி வெச்சிருக்கார்.

நம்ம வீட்டு முற்றத்துல பார்க்கணும்னா செம்பருத்திதான் எளிது. ஒத்தைச் செம்பருத்தியில அஞ்சு இதழ், நடுவுல நீட்டமா ஒரு தண்டு, அந்தத் தண்டு மேல மகரந்தம். அடுக்குச் செம்பருத்தியில அந்தத் தண்டே தெரியாது, அது இருக்கவேண்டிய இடத்துல எல்லாம் சுருட்டிச் சுருட்டி இதழ் நிக்கும். ரெண்டுக்கும் நடுவுல தண்டு பாதி தெரிஞ்சு அதோட ஓரத்துல குட்டி இதழ் முளைச்ச மாதிரி சில செடியில பார்த்திருப்பீங்க, ஒரு பூவைப் பறிச்சு பிரிச்சுப் பாருங்க, மகரந்தத் தாள் எப்படி இதழா மாறுதுங்கிறது பாதி வழியிலேயே நிக்கிறது தெரியும். எனக்கு இதை விட நல்ல பாடம் கிடையாது.

ஏன் இதழ் கூடுது? உரம் போட்டதாலயா?

அடிப்படைக் காரணம் உரம் இல்ல, ஜீன். ஒரு சாதாரணப் பூவுல வெளியில இருந்து உள்ள நாலு வட்டம் இருக்கு: புல்லி, இதழ், மகரந்தத் தாள், சூலகம். எந்த வட்டத்துல எது வரணும்னு மூணு வகை ஜீன் வேலை செஞ்சு முடிவு பண்ணுது, அதுக்கு ஏபிசி மாடல்னு பேர், 1991-ல கோயனும் மேயரோவிட்சும் எழுதுன கட்டுரையில இருந்து எல்லா பாடப் புத்தகத்துலயும் வந்துருச்சு. ஏ தனியா வேலை செஞ்சா புல்லி, ஏயும் பியும் சேர்ந்தா இதழ், பியும் சியும் சேர்ந்தா மகரந்தத் தாள், சி தனியா இருந்தா சூலகம்.

இப்போ சி கெட்டுப் போச்சுன்னு வைங்க. சி இல்லாத இடத்துக்கு ஏ வந்து உக்காந்துக்கும், அப்போ மகரந்தத் தாள் வரவேண்டிய மூணாவது வட்டத்துல ஏயும் பியும் சேர்ந்து இன்னொரு வரிசை இதழைக் கொண்டு வந்துடும். இதோட முடியல, "இனி போதும், பூ முடிஞ்சது"ன்னு சொல்ற வேலையும் சிக்குத்தான் இருக்கு, அது இல்லேன்னா பூ நிக்காம உள்ளுக்குள்ள இதழ் இதழா அடுக்கிக்கிட்டே போகும், அதுதான் முழு டபுள். சி முழுசா போகாம கொஞ்சம் பலவீனமாச்சுன்னா, இல்லேன்னா அது வேலை செய்யற எல்லை கொஞ்சம் உள்ள தள்ளிப் போச்சுன்னா, வெளிப்பக்கத்து மகரந்தத் தாள் மட்டும் இதழா மாறும், உள்பக்கத்துது அப்படியே நிக்கும். அது செமி டபுள்.

ஜெர்மன் கவிஞர் கதேவை எல்லாரும் எழுத்தாளரா மட்டும் பேசுறாங்க, ஆனா 1790-ல அவர் செடிகளோட உருமாற்றம் பத்தி எழுதுனப்பவே பூவோட பாகங்கள் ஒண்ணு இன்னொண்ணா மாறக்கூடியதுன்னு சொல்லிட்டார், அதுக்கு அவர் காட்டுன சாட்சியில அடுக்குப் பூவும் உண்டு. ஜீன்ங்கிற பேச்சே இல்லாத காலம், வெறும் கண்ணால பார்த்துச் சொன்னது.

எல்லா அடுக்குப் பூவும் இந்த வழியில வாறது இல்லங்கிறதையும் சொல்லணும். கருஊமத்தையில அடுக்கு வகை பார்த்திருப்பீங்க, அதுல குழலுக்குள்ள குழலா பூவே ரெட்டிச்சு மூணா நிக்கும், அங்க இதழ் வட்டமே திரும்ப வந்திருக்கு.

சம்பங்கியில செமி டபுள்ங்கிறாங்களே, விவசாயிக்கு அதனால என்ன?

இதுதான் எங்க ஊர்ல காசு சம்பந்தப்பட்ட கேள்வி, கொஞ்சம் நீட்டியே சொல்றேன். சம்பங்கின்னா இங்க கிழங்கு நட்டு வளர்க்கிற நிலச்சம்பங்கி. அதுல ஒரே வரிசை இதழ் உள்ளது ஒத்தை, ரெண்டு மூணு வரிசை உள்ளது செமி டபுள், மூணுக்கும் மேல போனா டபுள். இது பேச்சுக்குச் சொல்றது இல்ல, வேளாண் பல்கலைக்கழகம், ஆராய்ச்சி நிலையம் எல்லாம் இந்தப் பேரையே பயன்படுத்துறாங்க. பெங்களூரு பக்கம் ஹெசரகட்டாவுல இருக்கிற இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகங்கள்ல சிருங்காரும் பிரஜ்வலும் ஒத்தை, சுவாசினி டபுள், வைபவ் செமி டபுள்.

மாலை கெட்டவும் கிலோ கணக்குல உதிரிப்பூவா விக்கவும் ஒத்தைதான். வாசனை தூக்கலா இருக்கும், ஊசியில கோக்க லேசு, வாசனை எண்ணெய் எடுக்கிற கம்பெனிக்காரங்களும் ஒத்தையைத்தான் கேப்பாங்க. டபுளும் செமி டபுளும் தண்டோட வெட்டி கொத்தா, பூ ஜாடிக்கும் மேடை அலங்காரத்துக்கும் போறது. அப்போ நீங்க தோவாளையில நிறுவைக்குப் போடுறவங்களா இருந்தா ஒத்தை நடுங்க, திருவனந்தபுரம் பக்கம் கல்யாண மண்டபத்துக்கு தண்டா குடுக்கிற ஆள் உங்ககிட்ட இருந்தா மட்டும் செமி டபுளும் டபுளும் யோசிங்க. ஓணம் நேரத்துல எல்லாம் விக்குமேன்னு ஒரு எண்ணம் வரும், அது பத்து நாள் சந்தை, கிழங்கு உங்க மண்ணுல அதுக்கப்புறமும் கிடக்கும், மீதி மாசத்துக்கு வாங்குற ஆள் யாருன்னு முதல்ல பாத்துக்கோங்க.

கிரேந்தியில, அதாவது துலுக்கச் செவ்வந்தியில அடுக்கு இருக்கே, அதுவும் இதே கதைதானா?

இல்ல, இங்கதான் நிறைய பேர் குழம்புறது. கிரேந்தி, செவ்வந்தி, சூரியகாந்தி எல்லாம் ஒரே குடும்பம், அதுல நாம ஒரு பூன்னு நினைக்கிறது நூத்துக்கணக்கான குட்டிப் பூவோட கூட்டம். ஓரத்துல இதழ் மாதிரி நிக்கிறது ஒவ்வொண்ணும் ஒரு தனிப் பூ, நடுவுல குழல் மாதிரி இருக்கிறது இன்னொரு வகைப் பூ. இங்க அடுக்குன்னா, நடுவுல உள்ள குழல் பூக்கள் ஓரத்துப் பூ மாதிரி நாக்கு நீட்டிக்கிச்சுன்னு அர்த்தம். நடுவுல குழல் பூ கொஞ்சம் மிச்சம் தெரிஞ்சா அதையும் செமி டபுள்னுதான் சொல்லுவாங்க. பேர் ஒண்ணு, உள்ள நடக்கிறது வேற.

அடுக்குப் பூ காய்க்காதுங்கிறது நெஜமா?

பெரும்பாலும் நெஜம். மகரந்தத் தாளும் சூலகமும் இதழா மாறிட்டா விதை எங்க இருந்து வரும்? ஆனா செமி டபுள்ல ரெண்டும் மிச்சம் இருக்கிறதால அது விதை பிடிக்கலாம், அதனாலதான் புது ரகம் உண்டாக்குறவங்களுக்கு செமி டபுள் மேல ஒரு தனிப் பிரியம், அதை வெச்சு கலப்பு செய்ய முடியும். மல்லி, நந்தியாவட்டை, அரளி இதெல்லாம் நாம கம்பு நட்டு வளர்க்கிறதால விதை இல்லேன்னாலும் நமக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல.

தேனீ வளர்க்கிறோம், அடுக்குப் பூ நடலாமா?

மார்த்தாண்டம் பக்கம் இந்தக் கேள்வி வராம இருக்காது. தேனைப் பொறுத்த வரைக்கும் எங்க ஊர் தேனீ பெரும்பாலும் ரப்பரை நம்பி இருக்கு, ரப்பர் தளிர் விடுற சீசன்ல இலைக் காம்புல இருக்கிற சுரப்பியில இருந்துதான் அது தேனை எடுக்குது, பூவுல இருந்து இல்ல. ஆனா புழுவுக்கு ஊட்ட மகரந்தம் வேணும், அது பூவுல இருந்துதான் வரணும். முழு அடுக்குல மகரந்தம் இருக்காது, இருந்தாலும் இதழ் கூட்டத்துக்குள்ள தேனீ நுழைய முடியாது. அதனால பெட்டி பக்கத்துல ஒத்தையோ செமி டபுளோ நடுங்க. முற்றம் பார்க்க அழகா இருக்கணும், தேனீக்கும் ஏதாவது கிடைக்கணும்னா செமி டபுள்தான் கொள்ளாம்.

செமி டபுள்னு சொல்லி ரோஜா வாங்குனோம், பூத்தா ஒத்தை மாதிரி இருக்கு. ஏமாத்திட்டாங்களா?

உடனே அப்படி முடிவு கெட்டாதீங்க. ரோஜாவுல குளிர் கூடுனா இதழ் கூடும், சூடு கூடுனா குறையும், மேல சொன்ன சி ஜீன் குளிர்ல அடங்கிப் போறதுதான் காரணம்னு கண்டுபிடிச்சிருக்காங்க. மலைப்பக்கம் வளர்ந்த கன்னை எடுத்துட்டு வந்து குழித்துறையில சித்திரை வெயில்ல வெச்சா முதல் பூ இளைச்சுத்தான் வரும். மார்கழி தை வரைக்கும் பொறுத்துப் பாருங்க. அப்பவும் அஞ்சே இதழ்னா ஒட்டுக்குக் கீழ இருந்து காட்டு ரோஜா கிளை கிளம்பி இருக்கும், அடியைப் பார்த்து அந்தக் கிளையை வெட்டுங்க. கேரளாவுல மண்ணுத்தி நர்சரி பக்கம் போய் வாங்குறவங்க முடிஞ்சா பூ இருக்கிற செடியையே பார்த்து எடுங்க, லேபிளை மட்டும் நம்ப வேண்டாம்.

சரி, திருநாளுக்கு வருவோம். டபுள் திருநாள்னா எதை ரெட்டிச்சாங்க?

குருமார் தினமும் சொல்ற திருப்புகழ்மாலையில ஒவ்வொரு திருப்பாடலுக்கும் முன்னாடியும் பின்னாடியும் முன்மொழின்னு ஒரு சின்ன வரி வரும். டபுள் திருநாள் அன்னைக்கு காலைப் புகழ் மாலைப் புகழ் மாதிரி பெரிய வேளைகள்ல அந்த வரியை திருப்பாடலுக்கு முன்னாடியும் முழுசா, பின்னாடியும் முழுசா சொல்லணும். செமி டபுள் அன்னைக்கு முன்னாடி முதல் ரெண்டொரு வார்த்தையைத் தொட்டுவிட்டு நிறுத்திடுவாங்க, திருப்பாடல் முடிஞ்ச அப்புறம்தான் முழுசா சொல்லுவாங்க. பாதி ரெட்டிப்பு, அவ்வளவுதான்.

இன்னொரு விளக்கமும் உண்டு. பழைய ரோம்ல பெரிய திருநாள் அன்னைக்கு அந்த நாளோட சாதாரண செபமும் திருநாளோட செபமும் ஆக ரெண்டு தடவை சொன்னாங்க, அதுல இருந்து டபுள் வந்துச்சுங்கிறாங்க. ரெண்டு விளக்கத்தையும் வழிபாட்டு வரலாறு எழுதுறவங்க சொல்றாங்க, எனக்கு என்னவோ முன்மொழி விளக்கம்தான் செமி டபுள்ங்கிற பேருக்கு பொருந்துது, ஏன்னா அதுல பாதி எங்க இருக்குன்னு கையால தொட்டுக் காட்ட முடியும்.

எத்தனை தரம் இருந்துச்சு?

திருத்தந்தை ஐந்தாம் பயஸ் 1568-ல செபப் புத்தகத்தையும் 1570-ல பூசைப் புத்தகத்தையும் ஒழுங்குபடுத்துனப்போ டபுள், செமி டபுள், சிம்பிள்னு இருந்துச்சு, டபுள்லயே முதல் வகுப்பு ரெண்டாம் வகுப்புன்னு பிரிவு. 1602-ல எட்டாம் கிளமெண்ட் பெரிய டபுள்னு இன்னொண்ணைச் சேர்த்தார். ஆக மேல இருந்து முதல் வகுப்பு டபுள், ரெண்டாம் வகுப்பு டபுள், பெரிய டபுள், டபுள், செமி டபுள், சிம்பிள். மார்ச் 4 கசிமீர், ஜூலை 17 அலெக்சியுஸ், ஆகஸ்ட் 25 பிரான்ஸ் அரசர் லூயிஸ், டிசம்பர் 2 பிபியானா இவங்க திருநாள் எல்லாம் செமி டபுளா இருந்தது. பெரிய திருநாளுக்குப் பின்னாடி வாற எண்கிழமையில, அதாவது அந்தத் திருநாளை எட்டு நாள் நீட்டிக் கொண்டாடுறதுல உள்ள நாட்களும் பெரும்பாலும் செமி டபுள்தான்.

குருவானவருக்கு சரி, சாதாரண மக்களுக்கு இதனால என்ன ஆச்சு?

நிறையவே ஆச்சு, எங்க தாத்தா பாட்டி காலத்து மக்களுக்கு இது நேரா வீட்டைத் தொட்ட விசயம். டபுள் திருநாள் அன்னைக்கு பாட்டில்லாத சாதாரண மரித்தோர் பூசை வைக்கக் கூடாது, அடக்க நாள் மாதிரி சில விலக்கு மட்டும்தான். செமி டபுள் அன்னைக்கு வைக்கலாம். அப்போ செத்துப்போன அப்பனுக்கு ஒரு பூசை கேட்டு வந்த ஆள் கிட்ட கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் நாட்காட்டியைப் பார்த்துத்தான் நாள் சொல்ல முடியும். டபுள் நாள் வருசத்துக்கு வருசம் கூடிக்கிட்டே போனதால அப்படி காலியா கிடைக்கிற நாளும் குறைஞ்சது. பூசையிலயும் டபுள்னா பொதுவா ஒரே சபை மன்றாட்டு (பூசைத் தொடக்கத்துல குருவானவர் சொல்ற செபம்), செமி டபுள்னா குறைஞ்சது மூணு, வேற புனிதரையும் அன்னைக்குச் சேர்த்து நினைப்பாங்க.

ஞாயிற்றுக்கிழமையே செமி டபுள்னு படிச்சேன், அச்சுப் பிழையா?

பிழை இல்ல. ஞாயிறு செமி டபுள் தரத்துலதான் இருந்தது. அதோட விளைவைப் பாருங்க, ஒரு சாதாரண ஞாயிறு அன்னைக்கு ஏதாவது புனிதரோட டபுள் திருநாள் வந்து விழுந்தா அந்தப் புனிதருக்கு முதலிடம், ஞாயிறோட பூசை செபம் பின்னாடி போயிடும். ஆண்டவர் உயிர்த்த நாள், அது ஒரு புனிதர் நாளுக்கு வழி விடணும்! பத்தாம் பயஸ் 1911 நவம்பர் 1-ல இதை மாத்தினார், அதுக்கப்புறம் சாதாரண டபுளால ஞாயிறைத் தள்ள முடியாது, பெரிய திருநாட்கள் மட்டும்தான் தள்ளும். என்னோட கருத்துல இந்த மொத்த வரலாற்றுலயும் மறைக்கல்வி வகுப்புல கட்டாயம் சொல்லவேண்டியது இது ஒண்ணுதான், ஞாயிறோட மதிப்பு எப்படி திரும்பக் கிடைச்சதுங்கிறது.

எப்போ எடுத்தாங்க?

1955 மார்ச் 23-ல பன்னிரண்டாம் பயஸ் காலத்துல ஒரு ஆணை வந்தது, 1956 ஜனவரி 1-ல இருந்து நடைமுறை. செமி டபுள்ங்கிற தரத்தையே நீக்கினாங்க, செமி டபுளா இருந்த ஞாயிறு எல்லாம் டபுளா உயர்ந்தது, செமி டபுளா இருந்த புனிதர் திருநாள் எல்லாம் சிம்பிளா இறங்கிச்சு. கிறிஸ்துமஸ், பாஸ்கா (ஈஸ்டர்), பெந்தகோஸ்தே மூணையும் தவிர மத்த எண்கிழமைகளையும் எடுத்துட்டாங்க.

1960-ல இருபத்திமூன்றாம் யோவான் டபுளையும் எடுத்துட்டு முதல் வகுப்பு முதல் நாலாம் வகுப்பு வரைன்னு மாத்தினார். 1969-ல ஆறாம் பவுல் அதையும் மாத்தி, 1970-ல இருந்து இப்போ நம்ம கையில இருக்கிற முறை வந்தது: பெருவிழா, விழா, நினைவு, விருப்ப நினைவு.

அப்போ செமி டபுள்னா இன்னைக்கு நினைவுன்னு சொல்லலாமா?

நேருக்கு நேர் ஒட்டாது. ஒவ்வொரு தடவையும் நாட்காட்டியை மொத்தமா புரட்டித்தான் அடுக்கினாங்க, சில பேர் மேல போனாங்க, சில பேர் கீழ வந்தாங்க. மேல சொன்ன கசிமீர், லூயிஸ் இப்போ விருப்ப நினைவு, அலெக்சியுஸ், பிபியானா பொது நாட்காட்டியிலயே இல்ல.

தரம் கம்மின்னா அந்தப் புனிதர் சின்னவரா?

இல்லவே இல்ல, இந்தக் கேள்வி வாறப்போ எல்லாம் மனசு கொஞ்சம் வருத்தப்படுது. எங்க எல்லையில செபஸ்தியாருக்கு இருக்கிற பக்தி தெரியும்ல, கேரளப் பக்கம் அம்புப் பெருநாள்னு ஊரே கூடும், ஜனவரி 20-ஐ ஒட்டி பந்தலும் வெடியும் பேண்டும். ரோமன் பொது நாட்காட்டியில அவர் விருப்ப நினைவு, பூசையில அவரைச் சொல்லலாம் சொல்லாமலும் இருக்கலாம். அதை வெச்சு அவர் சின்னவர்னு யாராவது சொல்ல முடியுமா? அதே செபஸ்தியார் பேர்ல இருக்கிற கோயில்ல அவர் நாள் பெருவிழா, ஏன்னா ஒரு கோயில் யார் பேர்ல இருக்கோ அவர் திருநாள் அந்தக் கோயிலுக்குப் பெருவிழாதான்னு சட்டமே இருக்கு. கோட்டாறு சவேரியாரும் அப்படித்தான், பொது நாட்காட்டியில டிசம்பர் 3 ஒரு நினைவு, கோட்டாறு பேராலயத்துல பெருவிழா. அன்னைக்கு எந்த செபத்தைச் சொல்லணும், எதுக்கு எது வழி விடணும்னு குருவானவருக்குச் சொல்றதுக்குத்தான் தரம், புனிதரை அளக்கிறதுக்கு இல்ல.

தேவசகாயத்துக்கு என்ன தரம் இருந்துச்சு?

டபுளும் இல்ல, செமி டபுளும் இல்ல. நட்டாலத்துல 1712-ல பிறந்து, 1745-ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்கி, 1752 ஜனவரி 14-ல ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில உயிரைக் குடுத்தவர் அவர், ஆனா அருளாளர் பட்டம் 2012-ல, புனிதர் பட்டம் 2022 மே 15-லதான் வந்தது. அதுக்குள்ள அந்தப் பழைய தரம் எல்லாம் போய்ச் சேர்ந்துருச்சு. பழைய லத்தீன் புத்தகத்துல ஜனவரி 14-ஐத் திறந்து அவர் பேரைத் தேடுறவங்க இருக்காங்க, அதுல கிடைக்காது.

மலங்கரை, சீரோ மலபார், சிஎஸ்ஐ, இங்க எல்லாம் செமி டபுள் உண்டா?

இல்ல. இது ரோமன் முறைக்கு, அதாவது நம்ம பக்கம் கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்கள்ல உள்ள லத்தீன் முறைக்கு மட்டும் உள்ள பழைய கணக்கு. மார்த்தாண்டம் மலங்கரைக்கும் தக்கலை சீரோ மலபாருக்கும் சுறியானி மரபுல வந்த சொந்த நாட்காட்டி இருக்கு. சிஎஸ்ஐ சபை எங்க மாவட்டத்துல லண்டன் மிஷன் வழியில வந்தது, அங்கயும் இந்தப் பேச்சு கிடையாது.

திருநாளோட தரத்துக்கும் பீடத்துல வைக்கிற பூவுக்கும் சம்பந்தமே இல்லையா?

இருக்கு, ஒரே ஒரு இடத்துல, அதுவும் இப்போ நடப்புல உள்ள சட்டத்துல. ஒத்தைப் பூவா அடுக்குப் பூவாங்கிறது இல்ல, பூவே வைக்கலாமா கூடாதாங்கிறது. தவக்காலத்துல பீடத்தைப் பூவால அலங்கரிக்கக் கூடாது. விலக்கு மூணு: தவக்காலம் நாலாவது ஞாயிறான மகிழ்ச்சி ஞாயிறு, பெருவிழாக்கள், விழாக்கள். திருவருகைக்காலத்துல பூ வைக்கலாம், ஆனா அளவா, கிறிஸ்துமஸோட முழு சந்தோசத்தை முன்கூட்டியே காட்டுற மாதிரி இருக்கக் கூடாது.

அதனால பூ கமிட்டியில இருக்கிறவங்க தவக்காலம் தொடங்குறதுக்கு முன்னாடியே நாட்காட்டியை எடுத்து தரத்தைப் பாருங்க. மார்ச் 19 சூசையப்பர் பெருவிழா, பூ உண்டு. மார்ச் 25 மங்கள வார்த்தை பெருவிழா, பூ உண்டு. பிப்ரவரி 22 பேதுருவின் தலைமைப்பீடம் விழா, அது தவக்காலத்துக்குள்ள விழுந்தா அன்னைக்கும் உண்டு. நினைவு நாளுக்கு இல்ல. மார்ச் 19 தவக்கால ஞாயிறுல வந்தா பொதுவா அடுத்த திங்களுக்குப் போகும், மார்ச் 25 புனித வாரத்துலயோ பாஸ்கா எண்கிழமையிலயோ விழுந்தா பாஸ்கா ரெண்டாம் ஞாயிறுக்கு அடுத்த திங்களுக்குப் போகும், பங்குச் சாமியார் கிட்ட தேதியை உறுதி பண்ணிட்டு அப்புறம் தோவாளைக்கு ஆர்டர் சொல்லுங்க. மாலைக்கு ஒத்தைச் சம்பங்கி, பீடத்து ஜாடிக்கு தண்டோட செமி டபுள், அதைத் தனித்தனியா சொல்லணும், சம்பங்கின்னு மட்டும் சொன்னா உதிரிப்பூதான் வந்து சேரும்.